துட்டிலக்கணம் (ஏரல் பாடம்)

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரத்தில் எட்டுச் செய்தி வேண்டும் என்பது பவணந்தி முனிவர் வகுத்த முறை. எட்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக்கியோன் பெயர்: சொல்லிக்கொள்ளும்படியான பெயர் இல்லை. ஏரல் பஜாரில் நாலு பேருக்கு வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகியவன். வழி: ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை முதல்நூல், இது வழிநூல். எல்லை: கிழக்கே கொற்கை, மேற்கே ஸ்ரீவைகுண்டம், வடக்கே சாயர்புரம், தெற்கே குரும்பூர். நூலுக்குத்தான் எல்லை, போகிற துட்டுக்கு எல்லை கிடையாது. நூற்பெயர்: மேலே உள்ளது. யாப்பு: படிவம் நிரப்பும் நடை. நுதலிய பொருள்: நாம் சொல்லாமலே நம் கணக்கைவிட்டுக் கிளம்பிப்போன பணம், அதைப் பற்றிய புகார், புகாருக்கு வரும் மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. கேட்போர்: போனை மருமகன் கையில் கொடுத்து, "இதுல என்ன போட்டிருக்கு, வாசி" என்று கேட்போர். பயன்: போன துட்டு திரும்புதல், திரும்பாவிடில், ஏன் திரும்பவில்லை என்று அறிதல்.

முதலாவது எழுவாயியல்

சூத்திரம்: துட்டுப் போன செய்தி செயப்பாட்டு வினையில் வரும்.

உரை: "உங்கள் கணக்கிலிருந்து ரூ.10,000 எடுக்கப்பட்டது." இங்கிலீஷில் வந்தாலும் தமிழில் வந்தாலும் வாக்கியம் இதுதான். தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கம்கூட இருக்கிறது. எடுத்தவன் மட்டும் இல்லை. செயப்பாட்டு வாக்கியத்தில் 'ரூ.10,000' என்பதே எழுவாய் என்று இலக்கண வாத்தியார் திருத்துவார். திருத்தட்டும். அந்த எழுவாயைக் காட்டி போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். வாங்க முடியாது. அங்கே கேட்பது ஆளை. ஆகவே இந்நூலில் எழுவாய் என்பது எடுத்த ஆளையே குறிக்கும் என்று கொள்க.

அந்த ஆள் யார் என்பதைக் கொண்டு, போன துட்டு நான்கு வகைப்படும். அவையாவன:

1. தன்வினைத் துட்டு. "துட்டு போச்சு" என்று சொல்லத்தக்கது. தானே எழுந்து நடந்து போனதுபோல் இருக்கும். உண்மையில் வங்கிக்குள் இருந்த ஒருவரின் கையோ, வங்கிக் கணினியில் இருந்த ஓட்டையோ காரணம். தவறு வங்கியுடையது. இதில் வாடிக்கையாளர் தலையில் ஒரு பைசாகூட விழக் கூடாது. அவர் புகார் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி என்பது முதல்நூல் கருத்து.

2. பிறன்வினைத் துட்டு. "எவனோ எடுத்துட்டான்" என்பது. வங்கியிடமும் தப்பில்லை, நம்மிடமும் தப்பில்லை, இடையில் எங்கோ கசிந்துவிட்டது. நம் கார்டைப் படியெடுத்தவன், நம் பெயரில் இன்னொரு சிம் வாங்கியவன், நம் விரல்ரேகையை நகலெடுத்து ஆதார் வழியாகப் பணம் எடுத்தவன் எல்லாரும் இவ்வகை. இங்கே நாள் கணக்கு உண்டு. அது அடுத்த இயலில்.

3. ஏவல்வினைத் துட்டு. "சார், இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பது. ஏவல் முன்னிலையில் வரும் என்பது பழைய இலக்கணம். இந்த ஏவல் முன்னே நிற்காதவனிடமிருந்து வருகிறது. இன்றிரவு கரன்ட்டைத் துண்டிப்போம் என்பான். கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைலை அனுப்பித் திறக்கச் சொல்வான். நாம் நம்பரைச் சொன்னால் நம் கவனக்குறைவு. புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் நம் நஷ்டம், புகார் கொடுத்தபிறகு போனால் வங்கியின் நஷ்டம். இந்த ஒற்றை வரியைப் படிப்பவர்கள் அடிக்கோடு இட்டுக்கொள்க. மூன்று தவணையாக எடுக்கிறவனை முதல் தவணையோடு நிறுத்தினால், மற்ற இரண்டும் நம் கணக்கில் சேராது.

4. பிறவினைத் துட்டு. "அனுப்ப வச்சுட்டான்" என்பது. உண்டான் என்பது தன்வினை, உண்பித்தான் என்பது பிறவினை. அதுபோல அனுப்பினோம், அனுப்புவித்தான். போலீஸ் சட்டை போட்டு வீடியோவில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறவன் செய்வது இதைத்தான். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் எங்குமே இல்லை. அனுப்பிய விரல் நம்முடையது, ரகசிய எண் நம்முடையது, பயம் மட்டும் அவன் கொடுத்தது. "நீங்களேதானே அனுப்பியிருக்கீங்க" என்று வங்கி கேட்கும்போது வாய் அடைத்துப்போகிறது. நான்கில் மிகக் கொடிய வகை இது. இங்கே வங்கியைவிட போலீஸைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

ஐந்தாவது ஒன்று உண்டோ எனின், உண்டு. துட்டு எதிர்த்திசையில் வருவது. 2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் திடீரென்று 9,000 கோடி ரூபாய் வந்து உட்கார்ந்தது. அனுப்பியது நம் தூத்துக்குடித் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கி 1962இல் பெயர் மாறியது. வந்த செய்தியே ஏமாற்று வேலையோ என்று சந்தேகப்பட்ட ஓட்டுநர், நண்பர் ஒருவருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார். போனது. சற்று நேரத்தில் மிச்சம் முழுவதையும் வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. இதிலிருந்து ஒரு விதி பெறப்படும்: தவறிப்போன துட்டைத் திரும்ப இழுக்கும் வித்தை வங்கிகளுக்குத் தெரியும். போனது யாருடைய துட்டு என்பதைப் பொறுத்து வேகம் மாறும்.

இரண்டாவது காலவியல்

சூத்திரம்: காலம் மூன்று, ஏழு, ஏழுக்கு மேல் என மூன்று வகைப்படும்.

உரை: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. பிறன்வினைத் துட்டில், செய்தி வந்து 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் நம் நஷ்டம் சுழியம். 4 முதல் 7 நாளுக்குள் சொன்னால், போன தொகை அல்லது வரம்பு, எது குறைவோ அது நம்முடையது. அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு வரம்பு 5,000 ரூபாய், மற்றச் சேமிப்புக் கணக்குக்கு 10,000, பெரிய நடப்புக் கணக்குக்கு 25,000. ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி. அதாவது அவர்கள் மனசுப்படி.

இனி உதாரணம். எங்கள் பெரியம்மாவின் பத்தாயிரம் ஒரு போகி அன்று சாயங்காலம் போனது. செய்தியை வாசித்துச் சொன்னவன் பக்கத்து வீட்டுப் பையன். பெரியம்மா அவனிடம், "யார்ட்டயும் சொல்லிராத" என்று ஒரு முறுக்கைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். பொங்கல் வந்தது, போனது. ஏழாம் நாள் காலையில், கரும்புச் சக்கையைக் கூட்டித் தள்ளிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் என்னிடம் சொன்னாள்.

"ஏன் பெரியம்மா அன்னைக்கே சொல்லல?"

"எங்கயோ கைநாட்டு வைக்கச் சொன்னான், வச்சேன்லா. எம்மேலதான தப்பு. சொன்னா, கெழவிக்குக் கூறு இல்லன்னு ஊரு சிரிக்கும்லா."

"பேங்க்ல சொல்லலாம்லா?"

"அங்க உக்காந்திருக்க பையனோட அம்மையும் நானும் ஒரே குழு. சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிரும். தை அமாவாசைக்குச் சேர்மன் சாமிகிட்டச் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊர்த் தெய்வம் சேர்மன் அருணாசல சுவாமி. இவ்வூர்ச் சேர்மனாக இருந்து, 1908இல் ஆடி அமாவாசை அன்று மறைந்தவர். பதவிப் பெயரோடேயே தெய்வமானவர். தாமிரபரணிக் கரையில் கோயில். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஊர் கொள்ளாது. மனு வாங்கிய கையாக இருந்தவரிடம் மனு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ரிசர்வ் வங்கியின் நாள் கணக்கு அமாவாசையைப் பார்த்து ஓடுவதில்லை.

வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த வங்கி என்பது நூலுக்கு வேண்டாத செய்தி. அதிகாரி செய்தியின் தேதியைப் பார்த்தார். "ஏழு நாள் ஆயிட்டே பெரியம்மா, இவ்வளவு நாளா எங்க போனிய?" என்றார். பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

முதல்நூலில் ஒரு வரி உண்டு: வேலை நாள் என்பது வாடிக்கையாளரின் கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாள், செய்தி வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. போகி திங்கட்கிழமை, அது கணக்கில் இல்லை. செவ்வாய் பொங்கல், புதன் திருவள்ளுவர் நாள், வியாழன் உழவர் திருநாள், மூன்று நாளும் கிளைக்குப் பூட்டு. வெள்ளி ஒன்று. சனி மூன்றாம் சனி, ஆகவே இரண்டு. ஞாயிறு இல்லை. இன்று திங்கள், மூன்று. விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அதிகாரி தானும் ஒருமுறை எண்ணினார். பிறகு படிவத்தை எடுத்தார். சூரியனுக்கும் வள்ளுவருக்கும் மாட்டுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

வேலை நாள் கணக்கு ரிசர்வ் வங்கிக்கு மட்டும் தெரியும் என்று நினைக்க வேண்டாம். திருடனுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் பெயரில், நியூயார்க்கில் அதன் கணக்கு இருந்த வங்கிக்குப் போலி உத்தரவுகள் போனபோது, டாக்காவில் வார விடுமுறை தொடங்கியிருந்தது. துட்டு மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தபின் அங்கே சீனப் புத்தாண்டு விடுமுறை. இடையில் 8 கோடியே 10 லட்சம் டாலர் கரைந்துவிட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் மட்டும் மீண்டது. காரணம், வாங்குபவர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபண்டேஷன்' என்று எழுதிவிட்டார்கள். எழுத்துப் பிழை பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவர்களுக்கு இந்த விடையைச் சொல்க.

மேலும், வங்கிக்கே துட்டுப் போனால் வங்கி என்ன செய்கிறது என்பதும் அறியத்தக்கது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்துச் சிட்டி யூனியன் வங்கியின் பெயரில், அதற்குத் தெரியாமல், மூன்று உத்தரவுகள் ஸ்விஃப்ட் வழியாக வெளிநாடு போயின. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. மறுநாள் கணக்கை ஒத்துப்பார்க்கையில் தெரிந்தது. தெரிந்ததும் இடைநின்ற வங்கிகளுக்குத் தகவல் பறந்தது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் வழியிலேயே நின்றது. 1904இல் தோன்றிய வங்கி அது. நூறு வயசு தாண்டியும், ஊர் சிரிக்குமே என்று ஏழு நாள் உட்கார்ந்திருக்கவில்லை.

வெட்கத்தைப் பற்றி இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. பஜாரில் பாத்திரக் கடை, துணிக் கடை, நகைக் கடை எல்லாவற்றிலும் தண்ணீர். பாலம் சேதமாயிற்று. அன்றைக்கு எவ்வளவு போனது என்று சொல்ல யாரும் கூசவில்லை. கேமராவைப் பார்த்தும் சொன்னார்கள், கலெக்டரிடமும் சொன்னார்கள். ஆறு கொண்டுபோனால் நஷ்டம். எவனோ ஒருவன் போனில் கொண்டுபோனால் அவமானம். இந்தப் பாகுபாடு எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. திருடன் நம்பியிருப்பது இதைத்தான். ரகசிய எண் அவனுக்குக் கதவைத் திறக்கிறது. தப்பி ஓட நேரம் கொடுப்பது நம் வெட்கம்.

மூன்றாவது புகாரியல்

சூத்திரம்: புகார் எண்ணால், எழுத்தால், வாயால் என மூவகைப்படும்.

உரை: எண்புகார் என்பது 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்வது. 2021இல் 155260 என்று தொடங்கி, பிறகு நினைவில் நிற்கும்படி சுருங்கியது. இங்கே நாள் கணக்கு உதவாது, நிமிஷக் கணக்கு. போன துட்டு ஒரு கணக்கில் தங்காது. முதல் கணக்கிலிருந்து நாலு, நாலிலிருந்து நாற்பது என்று வாடகைக் கணக்குகளில் தாவி, கடைசியில் எங்கோ ஓர் ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வரும். 1930இல் சொன்னதும் அது நிற்கிற இடத்தில் முடக்கி வைப்பார்கள். நோட்டாகிவிட்டால் முடக்க எதுவும் இல்லை. முடக்கிய துட்டும் தானாக வீடு திரும்பாது. நீதிமன்ற உத்தரவும் வேண்டியிருக்கலாம்.

இதில் ஒரு கிளைவகை, முடங்கிய அப்பாவி. தாவுகிற வழியில் திருடன் ஒரு டீக்கடையில் ஸ்கேன் செய்து நாற்பது ரூபாய்க்கு டீயும் வடையும் சாப்பிட்டிருப்பான். டீக்கடை அண்ணாச்சியின் கணக்கும் சேர்ந்து முடங்கும். வடை விற்றதற்கு அவர் ஊர் பேர் தெரியாத ஸ்டேஷனுக்கு விளக்கம் எழுத வேண்டும்.

எழுத்துப்புகார் வங்கிக்குக் கொடுப்பது. எனக்குப் பழக்கப்பட்ட துறை. நம் ஊரில் வருகிற முதல் வரைவு பெரும்பாலும், "ஐயா, நான் ஏழை, எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள்" என்று தொடங்கும். துட்டுப் போன செய்தி மூன்றாம் பத்தியில் வரும். இது கருணை மனுவின் இலக்கணம். புகாருக்கு வேறு. தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண், செய்தி எப்போது வந்தது ஆகியவை முதலில். பிறகு ஒரே ஒரு வாக்கியம்: "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை, செய்ய யாரையும் அனுமதிக்கவும் இல்லை." கணக்கை முடக்கச் சொல்லிக் கேட்க. பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குக. பிரதி இல்லாத புகார் ஆற்றில் கரைத்த பெருங்காயம்.

வாய்ப்புகார் என்பது மேனேஜர் அறை வாசலில் நின்று சொல்வது. இது மனப்பாரம் குறைய உதவும். வேறு பயன் இல்லை.

முறையான புகார் போய்ச் சேர்ந்தால், 10 வேலை நாளுக்குள் போன தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கே. எழுவாயைத் தேடுவது அவர்கள் வேலை. வாயைத் திறப்பது நம் வேலை.

நான்காவது மறுப்பியல்

சூத்திரம்: மறுப்பு நால்வகைப்படும்.

உரை: முதலாவது சர்வர் மறுப்பு: "இன்னைக்கு சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க." நாளை என்பது நாலாம் நாளாகலாம், எனவே காகிதத்தைக் கொடுத்து இன்றைய முத்திரையை வாங்குக. முத்திரைக்குச் சர்வர் வேண்டாம்.

இரண்டாவது வழி மறுப்பு: வங்கி, போலீஸுக்குப் போ என்னும், போலீஸ், வங்கிக்குப் போ என்னும். இரண்டும் சரி. இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டியதுதான். ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

மூன்றாவது ஓ.டி.பி. மறுப்பு: "சரியான நம்பர் கொடுத்துத்தான் நடந்திருக்கு. ஆகவே நீங்கதான் கொடுத்திருக்கணும்." அளவையியலில் இதைப் புகையைக் கண்டு நெருப்பை அறிதல் என்பார்கள். நெருப்பை அறியலாம், மூட்டியவனை அறிய முடியாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன் இப்படியொரு வழக்கு வந்தது. அசாமில் ஒருவர் இழந்தது 94,204 ரூபாய். 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருந்தார். பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கவுகாத்தி உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நான்காவது மௌன மறுப்பு. கடிதம் போகும், பதில் வராது. இதுவே நால்வகையில் நல்லது. 30 நாள் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று வகுத்தது 2021 நவம்பர் 12இல் தொடங்கிய திட்டம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். அதைத் தவிர, தூத்துக்குடியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

புறனடை

மேலே ஏவல்வினைத் துட்டு நம் நஷ்டம் என்றோம். எல்லா விதிக்கும் புறனடை உண்டு. இதன் புறனடை எங்கள் மாவட்டத்திலேயே பிறந்தது.

அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்குத் தூத்துக்குடி ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக் கிளையில் கணக்கு. 2007 செப்டம்பரில் வங்கி அனுப்பியதுபோலவே ஒரு மின்னஞ்சல் வந்தது. கேட்ட விவரத்தைக் கொடுத்தார். பல லட்சம் போனது. நீங்கள்தானே கொடுத்தீர்கள், உங்கள் கவனக்குறைவு என்றது வங்கி. மனிதர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இத்தகைய வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்; அவரிடம் மனுப் போட்டார். 2010 ஏப்ரலில், வங்கி போதிய பாதுகாப்புச் செய்யவில்லை என்று கூறி, அவருக்கு 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார் அன்றைய செயலாளர் டேவிதார். அந்தச் சட்டத்தின் கீழ் நாட்டில் இப்படி வந்த முதல் உத்தரவு என்று அது பேசப்பட்டது. மேல்முறையீடு நடந்து 2019இல்தான் தீர்ந்தது. அப்போதும் வாடிக்கையாளர் பக்கமே.

ஏவியவன் சொன்னதைச் செய்தோம் என்பதால் ஏமாந்தவன் வாயை மூட வேண்டியதில்லை என்பது இதனால் போந்த பொருள். பன்னிரண்டு வருஷம் பொறுமை வேண்டும் என்பதும் போந்த பொருளே.

ஒழிபியல்

மேற்சொன்ன இயல்களில் சொல்லாது ஒழிந்தவை இங்கே சொல்லப்படும்.

பணம் வாங்க ரகசிய எண் போட வேண்டியதில்லை. கொடுக்கத்தான் போட வேண்டும். ஆதார் விரல்ரேகையைப் பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். பெரியம்மாவின் ரேகையை அன்று மாலையே பூட்டினோம். "பெட்டியப் பூட்டுவாவ, வெரலையுமா பூட்டுவாவ" என்று ஆச்சரியப்பட்டாள்.

புகார் கொடுத்த ஆறாம் வேலை நாளில் பத்தாயிரம் கணக்கில் ஏறியது. எழுவாய் இன்னும் அகப்படவில்லை. பயந்தபடியே தெருவுக்கும் தெரிந்துபோயிற்று. சிரித்தவர் ஒருவர். "எனக்கும் போச்சு அக்கா, நான் யார்ட்டயும் சொல்லல" என்று கொல்லைப்பக்கமாக வந்து சொன்னவர் மூன்று பேர். மூவரையும் பெரியம்மாவே என்னிடம் அனுப்பினாள். இருவருக்கு ஏழு நாள் எப்போதோ கழிந்திருந்தது. ஒருத்திக்கு மட்டும் அன்று இரண்டாம் நாள்.

துட்டு வந்த மறுநாள் தை அமாவாசை. பெரியம்மா ஆற்றில் முங்கிவிட்டுக் கோயிலுக்குப் போய்வந்தாள்.

"சேர்மன் சாமிகிட்டச் சொல்லியாச்சா?"

"சொன்னேன். பேங்க்ல குடுத்துட்டாவன்னு சொன்னேன்."

"சாமி என்ன சொன்னாவ?"

பெரியம்மா முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உள்ளே முத்திரை வைத்த பிரதி, நாலாக மடித்து.

"தொண்ணூறு நாள் கழியட்டும், அதுவரைக்கும் ரசீதைத் தொலச்சிராதன்னு சொன்னாவ."